ரஃபியன் (பந்தயக் குதிரை)

ரஃபியன் (ஏப்ரல் 17, 1972 – ஜூலை 7, 1975) அமெரிக்காவைச் சேர்ந்த தரோபிரெட் இனப் பந்தயக் குதிரை. அமெரிக்கக் குதிரைப்பந்தய வரலாற்றில் தோன்றிய மிகச் சிறந்த பெண்குதிரைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. மொத்தம் 11 பந்தயங்களில் ஓடி, முதல் 10 பந்தயங்களிலும் வென்றது. 11ஆவது பந்தயத்தில், அவ்வாண்டின் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபூலிஷ் பிளெஷர் என்னும் ஆண்குதிரையுடன் தனித்து மோதியபோது, முன்னங்கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்யப்பட்டும் காப்பாற்ற முடியாமல் மறுநாள் அதிகாலையில் கருணைக்கொலை செய்யப்பட்டது.

ரஃபியனின் பந்தய வாழ்க்கை ஏறத்தாழ பதின்மூன்றரை மாதங்கள் மட்டுமே நீடித்தது. வென்ற பத்துப் பந்தயங்களின் நேரத்தையும் கூட்டினால் கால் மணி நேரத்துக்கும் குறைவு. இருப்பினும், பந்தயக் குதிரைகளின் பாதுகாப்பு, எலும்பு முறிவு சிகிச்சை, பார்வையாளர்களுக்காக ஏற்பாடு செய்யப்படும் சிறப்புப் போட்டிகளின் நியாயம் ஆகியவை பற்றிப் பேசப்படும் இடங்களில் ரஃபியனின் பெயர் இன்றும் குறிப்பிடப்படுகிறது.

தரோபிரெட் இனம்

தரோபிரெட் என்பது வேகத்துக்காகவே உருவாக்கப்பட்ட குதிரை இனம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பெண்குதிரைகளுடன் கிழக்கு நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆண்குதிரைகளை இணைத்து இந்த இனம் உருவாக்கப்பட்டது. இன்றுள்ள தரோபிரெட் குதிரைகள் அனைத்தும் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று ஆண்குதிரைகளுள் ஏதேனும் ஒன்றின் நேர் தந்தைவழியில் வந்தவை. சென்னை கிண்டியிலும் உதகமண்டலத்திலும் நடந்த பந்தயங்களில் ஓடியவையும் இந்த இனக் குதிரைகளே.

வளர்ந்த தரோபிரெட் குதிரை சுமார் 450 முதல் 550 கிலோ எடை இருக்கும். அகன்ற மார்பும் பெரிய இதயமும் வலிமையான பின்தொடைத் தசைகளும் கொண்டது. அந்த உடலைத் தாங்கும் கால்களின் கீழ்ப்பகுதியோ மெலிந்தது. முன்னங்கால் முட்டிக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. எலும்பு, தசைநாண், அவற்றைப் போர்த்திய தோல் ஆகியவை மட்டுமே உண்டு. காலின் நுனி இலேசாக இருந்தால் அதை விரைவாக வீசி ஓடலாம். அதே அமைப்புதான் அடிபட்டால் ஆறுவதைக் கடினமாக்குகிறது.

தரோபிரெட் குதிரைகள் இரண்டு வயதிலேயே பந்தயத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. வட அரைக்கோளத்தில் பிறந்த குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1ஆம் தேதியே பிறந்தநாளாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே பந்தயக் கணக்கில் 'இரண்டு வயது' எனப்படும் குதிரை உண்மையில் இரண்டு ஆண்டுகளை நிறைவு செய்யாததாகவும் இருக்கலாம். கென்டக்கி டெர்பி போன்ற புகழ்பெற்ற பந்தயங்கள் மூன்று வயதுக் குதிரைகளுக்கு உரியவை.

பிறப்பும் மரபும்

ரஃபியன் கென்டக்கி மாநிலத்தில் உள்ள கிளெய்போர்ன் பண்ணையில் பிறந்தது. ஸ்டூவர்ட் ஜேனி, பார்பரா ஜேனி இணையர் இதன் உரிமையாளர்கள். தந்தை ரிவ்யூவர், தாய் ஷெனானிகன்ஸ். தந்தைவழிப் பாட்டன் போல்டு ரூலர். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மும்முடிப் பந்தயங்களை வென்று பெரும்புகழ் பெற்ற செக்ரட்டேரியட் குதிரையின் தந்தையும் போல்டு ரூலரே. தாய்வழிப் பாட்டன் நேட்டிவ் டான்சர், தான் ஓடிய 22 பந்தயங்களில் ஒன்றில் மட்டுமே தோற்ற குதிரை.

இரு வழியிலும் வேகம் மிகுந்த மரபு இது. ஆனால் வேகத்துடன் வேறொன்றும் சேர்ந்தே வந்தது. தந்தை ரிவ்யூவரின் பந்தய வாழ்க்கை கால் எலும்பு முறிவுகளால் தடைபட்டது. ரஃபியனின் மரணத்துக்குப் பின்னர் இந்த மரபுவழி வலுவின்மை பரவலாக விவாதிக்கப்பட்டது.

'ரஃபியன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முரடன் என்று பொருள். பதிவேட்டில் கரும்பழுப்பு நிறம் என்று குறிக்கப்பட்டாலும் பார்வைக்கு ஏறக்குறைய முழுக் கருப்பாகவே தோன்றியது. பெண்குதிரைக்கு மிக உயரமான, அகன்ற உடல். பின்னாளில் தன்னுடன் மோதிய ஃபூலிஷ் பிளெஷரை விடவும் பெரிய உருவம் கொண்டது.

ஃபிராங்க் வைட்லி என்ற அனுபவம் மிக்க பயிற்சியாளரிடம் ரஃபியன் ஒப்படைக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டின் சிறந்த குதிரையாகத் தேர்வு பெற்ற டமாஸ்கஸ் குதிரையைப் பயிற்றுவித்தவர் அவர். ரஃபியனின் பெரும்பாலான பந்தயங்களில் பனாமா நாட்டில் பிறந்த ஹசிந்தோ வாஸ்கெஸ் ஜாக்கியாக இருந்தார். இரண்டு பந்தயங்களில் மட்டும் வின்சென்ட் பிராசியாலே ஓட்டினார்.

முதல் பருவம்: 1974

1974 மே 22 அன்று நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க் திடலில் ரஃபியன் முதல் முறையாகப் பந்தயத்தில் ஓடியது. இதுவரை வெற்றி பெறாத குதிரைகளுக்கான ஐந்தரை ஃபர்லாங் பந்தயம் அது. ஒரு ஃபர்லாங் சுமார் 201 மீட்டர். ரஃபியன் 15 நீளம் முன்னதாக எல்லைக்கோட்டைக் கடந்தது. பந்தய வழக்கில் 'நீளம்' என்பது ஒரு குதிரையின் உடல் நீளம், அதாவது சுமார் இரண்டரை மீட்டர். எனவே இரண்டாவதாக வந்த குதிரை அப்போது 35 மீட்டருக்கும் மேல் பின்தங்கியிருந்தது. எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 3 நொடி. அத்தூரத்துக்கான திடல் சாதனையை முதல் ஓட்டத்திலேயே சமன் செய்தது.

மூன்று வாரங்களுக்குப் பின் ஃபேஷன் பந்தயத்திலும் ஜூலையில் அஸ்டோரியா பந்தயத்திலும் எளிதாக வென்றது. நியூஜெர்சியின் மான்மவுத் பார்க்கில் நடந்த சொராரிட்டி பந்தயத்தில்தான் முதன்முறையாக ஒரு போட்டியாளர் அருகில் வந்தது. ஹாட் அண்ட் நாஸ்டி என்ற அந்தக் குதிரையையும் இறுதியில் இரண்டேகால் நீளம் பின்தள்ளியது. ஆகஸ்ட் 23 அன்று சரடோகாவில் நடந்த ஸ்பின்அவே பந்தயத்தில் ஆறு ஃபர்லாங் தூரத்தை 1 நிமிடம் 8.6 நொடியில் கடந்து, 12¾ நீளத்தில் வென்றது. இரண்டு வயதுக் குதிரைக்கு இது வியக்கத்தக்க வேகம்.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பின்னங்காலில் மயிரிழை போன்ற எலும்பு விரிசல் கண்டறியப்பட்டது. பருவம் அத்துடன் முடிந்தது. குளிர்காலம் முழுவதும் ஓய்வு அளிக்கப்பட்டது. ஐந்து பந்தயங்களில் மட்டுமே ஓடியிருந்தாலும், 1974ஆம் ஆண்டின் சிறந்த இரண்டு வயதுப் பெண்குதிரைக்கான எக்லிப்ஸ் விருது ரஃபியனுக்கு வழங்கப்பட்டது.

இரண்டாம் பருவம்: 1975

1975 ஏப்ரல் 14 அன்று ரஃபியன் திடலுக்குத் திரும்பியது. விரிசல் ஆறியிருந்தது, வேகம் குறையவில்லை. அந்த மாத இறுதியில் கோம்லி பந்தயத்தை வென்றது. அடுத்து நியூயார்க்கின் 'பெண்குதிரைகளுக்கான மும்முடி' எனப்பட்ட மூன்று பந்தயங்கள் வந்தன. மே 10இல் ஏகார்ன், மே 31இல் மதர் கூஸ், ஜூன் 21இல் கோச்சிங் கிளப் அமெரிக்கன் ஓக்ஸ். மூன்றையும் ரஃபியன் வென்றது. டார்க் மிராஜ் (1968), ஷூவி (1969), கிறிஸ் எவர்ட் (1974) ஆகியவற்றை அடுத்து இந்தச் சிறப்பைப் பெற்ற நான்காவது பெண்குதிரை இது.

ஓக்ஸ் பந்தயம் ஒன்றரை மைல் தூரம் கொண்டது. குறுந்தூர வேகம் உடைய குதிரைகள் நெடுந்தூரத்தில் களைத்துவிடும் என்ற ஐயம் ரஃபியனைப் பற்றியும் இருந்தது. இந்த வெற்றி அந்த ஐயத்தைப் போக்கியது.

வெற்றி பெற்ற பந்தயங்களின் பட்டியல்:

1. முதல் பந்தயம் (மே 22, 1974) – 5½ ஃபர்லாங் – 15 நீளம்
2. ஃபேஷன் (ஜூன் 12, 1974) – 5½ ஃபர்லாங் – 6¾ நீளம்
3. அஸ்டோரியா (ஜூலை 10, 1974) – 5½ ஃபர்லாங் – 9 நீளம்
4. சொராரிட்டி (ஜூலை 27, 1974) – 6 ஃபர்லாங் – 2¼ நீளம்
5. ஸ்பின்அவே (ஆகஸ்ட் 23, 1974) – 6 ஃபர்லாங் – 12¾ நீளம்
6. பொதுப் பந்தயம் (ஏப்ரல் 14, 1975) – 6 ஃபர்லாங் – 4¾ நீளம்
7. கோம்லி (ஏப்ரல் 30, 1975) – 7 ஃபர்லாங் – 7¾ நீளம்
8. ஏகார்ன் (மே 10, 1975) – 1 மைல் – 8¼ நீளம்
9. மதர் கூஸ் (மே 31, 1975) – 1⅛ மைல் – 13½ நீளம்
10. கோச்சிங் கிளப் அமெரிக்கன் ஓக்ஸ் (ஜூன் 21, 1975) – 1½ மைல் – 2¾ நீளம்

சராசரியாக ஒவ்வொரு பந்தயத்திலும் எட்டு நீளத்துக்கு மேல் முந்தி வென்றுள்ளது. பட்டியலில் உள்ள எட்டுச் சிறப்புப் பந்தயங்களிலும் அந்தந்தப் பந்தயத்தின் சாதனை நேரத்தை முறியடித்தோ சமன் செய்தோ இருக்கிறது. ஒரு பந்தயம் நடக்கும்போது குறிப்பிட்ட தூரங்களில் எந்தக் குதிரை முன்னிலையில் இருக்கிறது என்று பதிவு செய்வார்கள். பத்துப் பந்தயங்களிலும் இத்தகைய ஒவ்வொரு பதிவிலும் ரஃபியனே முதலிடத்தில் இருந்தது. வேறொரு குதிரையைப் பின்தொடர்ந்து ஓடிப் பிறகு முந்த வேண்டிய நிலை அதற்கு ஒருமுறையும் ஏற்படவில்லை.

இருகுதிரைப் போட்டி

1975ஆம் ஆண்டில் மும்முடிப் பந்தயங்களை மூன்று வெவ்வேறு ஆண்குதிரைகள் வென்றன. கென்டக்கி டெர்பியை ஃபூலிஷ் பிளெஷரும், பிரீக்னெஸ் பந்தயத்தை மாஸ்டர் டெர்பியும், பெல்மாண்ட் பந்தயத்தை அவதாரும் வென்றிருந்தன. இம்மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டு யார் சிறந்தவர் என்று பார்க்கலாம் என்ற எண்ணம் முதலில் எழுந்தது. ஆனால் பொதுமக்களின் ஆர்வம் ரஃபியன் பக்கம் திரும்பியிருந்தது. இறுதியில் ஃபூலிஷ் பிளெஷரும் ரஃபியனும் மட்டும் மோதுவது என்று முடிவாயிற்று.

இரண்டு குதிரைகள் மட்டும் மோதும் போட்டி குதிரைப்பந்தயத்தின் மிகப் பழைய வடிவம். அமெரிக்காவில் 1938இல் சீபிஸ்கட்டுக்கும் வார் அட்மிரலுக்கும் இடையிலும், 1955இல் நாஷுவாவுக்கும் ஸ்வாப்ஸுக்கும் இடையிலும் நடந்த போட்டிகள் பெரும் புகழ் பெற்றவை. இப்போட்டிகளின் ஓட்ட முறை வழக்கமான பந்தயத்திலிருந்து வேறுபட்டது. பத்துக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில் ஜாக்கி தன் குதிரையைச் சற்றுப் பின்னால் நிறுத்தி, வேகத்தைச் சேமித்து, கடைசியில் விரட்டலாம். இரண்டே குதிரைகள் ஓடும்போது ஒன்றை முன்னால் போகவிடுவது ஆபத்து. ஆகவே கதவு திறந்த கணத்திலிருந்தே இரண்டும் முழு வேகத்தில் பாயும். உடலுக்கு, குறிப்பாகக் கால்களுக்கு, இது மிகக் கடுமையான சோதனை.

இந்தப் போட்டிக்குப் பந்தயத்துக்கு அப்பாற்பட்ட ஒரு பொருளும் ஏற்றப்பட்டது. அமெரிக்காவில் பெண்ணுரிமை இயக்கம் வலுப்பெற்றிருந்த காலம் அது. 1973இல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங், முன்னாள் வெற்றியாளர் பாபி ரிக்ஸைத் தோற்கடித்த ஆட்டம் 'ஆண் பெண் போர்' என்று விளம்பரப்படுத்தப்பட்டிருந்தது. 1975ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டு மகளிர் ஆண்டாக அறிவித்திருந்தது. ஊடகங்கள் குதிரைப் போட்டியையும் அதே கண்ணோட்டத்தில் விவரித்தன. ரஃபியன் வென்றால் பெண்களின் வெற்றி, ஃபூலிஷ் பிளெஷர் வென்றால் ஆண்களின் வெற்றி என்பது போன்ற பேச்சு பரவியது.

ஜாக்கி வாஸ்கெஸுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஃபூலிஷ் பிளெஷரின் வழக்கமான ஜாக்கியும் அவரே. அதன்மேல் அமர்ந்துதான் இரண்டு மாதங்களுக்கு முன் கென்டக்கி டெர்பியை வென்றிருந்தார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் அவர் ரஃபியனைத் தேர்ந்தெடுத்தார். ஃபூலிஷ் பிளெஷரை ஓட்டும் பொறுப்பு, அவரைப் போலவே பனாமாவில் பிறந்த பிராவுலியோ பயேசாவுக்குச் சென்றது.

1975 ஜூலை 6

போட்டி பெல்மாண்ட் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை நடைபெற்றது. தூரம் ஒன்றேகால் மைல், அதாவது சுமார் 2 கிலோமீட்டர். ஃபூலிஷ் பிளெஷர் 126 பவுண்டும் ரஃபியன் 121 பவுண்டும் எடை சுமந்தன. திடலில் 50,000க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். தொலைக்காட்சியில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் ரஃபியனே வெல்லும் என்று நம்பினர்.

கதவு திறந்ததும் இரு குதிரைகளும் ஒட்டி ஓடின. முதல் கால் மைல் 22.2 நொடியில் கடக்கப்பட்டது. ரஃபியன் மூக்களவு முன்னிலையில் இருந்தது. மேலும் சிறிது தூரத்தில் அந்த முன்னிலை அரை நீளமாக வளர்ந்தது. அப்போது வலது முன்னங்காலின் செசமாய்டு எலும்புகள் இரண்டும் முறிந்தன. முறியும் ஓசை இரு ஜாக்கிகளுக்கும் கேட்டது.

வாஸ்கெஸ் உடனே கடிவாளத்தை இழுத்து நிறுத்த முயன்றார். ரஃபியன் நிற்க மறுத்தது. முறிந்த காலை ஊன்றி மேலும் சிறிது தூரம் ஓடியது. அதனால் எலும்புத் துண்டுகள் மேலும் நொறுங்கின. தசைநார்கள் கிழிந்தன. தோல் கிழிந்து காயத்தில் திடலின் மண் புகுந்தது. ஃபூலிஷ் பிளெஷர் எஞ்சிய தூரத்தைத் தனியாக ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தது.

அறுவை சிகிச்சை

ரஃபியன் வண்டியில் ஏற்றப்பட்டு லாயத்துக்கும், பின்னர் திடலுக்கு அருகில் இருந்த கால்நடை மருத்துவமனைக்கும் கொண்டு செல்லப்பட்டது. நான்கு கால்நடை மருத்துவர்களும் ஓர் எலும்பு அறுவை மருத்துவரும் கொண்ட குழு சுமார் மூன்று மணி நேரம் அறுவை சிகிச்சை செய்தது. காயத்தைக் கழுவி, காலைச் சேர்த்து, கனமான கட்டுப் போடப்பட்டது.

மயக்கம் தெளியும் நேரத்தில் நிலைமை கைமீறியது. மெத்தை பதித்த அறையில் பக்கவாட்டில் கிடந்த ரஃபியன், இன்னும் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருப்பது போலக் கால்களை வீசத் தொடங்கியது. தரையில் கிடந்தபடியே வட்டமாகச் சுழன்றது. பலர் சேர்ந்து பிடித்தும் அடக்க முடியவில்லை. கட்டுப் போட்ட காலே மீண்டும் மீண்டும் மோதி முழங்கை மூட்டை நொறுக்கியது. கட்டு நழுவி, சேர்த்து வைத்த காயம் மறுபடியும் திறந்துகொண்டது. இன்னோர் அறுவை சிகிச்சையை அந்த உடல் தாங்காது என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். உரிமையாளர்களின் ஒப்புதலுடன் ஜூலை 7 அதிகாலையில் ரஃபியன் கருணைக்கொலை செய்யப்பட்டது.

கால் முறிந்த குதிரையைக் காப்பாற்றுவது ஏன் கடினம்

மனிதருக்கோ நாய்க்கோ கால் முறிந்தால் பெரும்பாலும் குணமாகிறது. குதிரைக்கு அது உயிராபத்தாக மாறுவதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, முறிந்த எலும்பின் பணி. செசமாய்டு எலும்புகள் எள்ளை ஒத்த வடிவம் என்பதால் எள்ளின் பெயரைப் பெற்றவை. குதிரையின் குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்புறத்தில் இவை இரண்டாக அமைந்துள்ளன. மூட்டைத் தாங்கும் தசைநார்கள் இவற்றைப் பற்றிக்கொண்டு தொட்டில் கயிறு போல எடையை ஏந்துகின்றன. பாய்ந்து ஓடும்போது உடல் முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கும் கணம் ஒவ்வொரு தாவலிலும் வரும். அக்கணத்தில் அந்தக் காலின் மீது உடல் எடையைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட விசை இறங்குகிறது. இரு எலும்புகளும் ஒன்றாக முறிந்தால் கயிறு அறுந்ததற்குச் சமம். மூட்டு தரையைத் தொடும் அளவுக்குச் சரிந்துவிடும்.

இரண்டாவது, இரத்த ஓட்டம். காலின் கீழ்ப்பகுதியில் தசை இல்லாததால் இரத்த வரத்து குறைவு. எலும்பு சேர்வது தாமதமாகும், நோய்த்தொற்றை எதிர்ப்பதும் கடினம்.

மூன்றாவது, எடை. குதிரையால் வாரக்கணக்கில் படுத்திருக்க முடியாது. படுத்தே இருந்தால் நுரையீரலும் குடலும் பாதிக்கப்படும், உடலில் புண்கள் தோன்றும். நின்றால் அடிபட்ட காலின் சுமை மற்ற கால்களுக்குப் போகும். அதிகச் சுமை தாங்கும் குளம்புக்குள் எலும்பையும் குளம்புச் சுவரையும் பிணைக்கும் மெல்லிய படலம் அழற்சியுற்றுப் பிரியத் தொடங்கும். லாமினைட்டிஸ் எனப்படும் இந்நோய் தாங்கமுடியாத வலியைத் தரும். முறிந்த கால் ஆறிக்கொண்டிருக்கும்போதே, முறியாத கால் குதிரையைக் கொன்றுவிடும்.

நான்காவது, இயல்புணர்ச்சி. குதிரை ஆபத்தைக் கண்டால் ஓடித் தப்பும் விலங்கு. மயக்கத்திலிருந்து குழப்பத்துடன் விழிக்கும்போது அதற்குத் தோன்றும் முதல் உந்துதல் எழுந்து ஓடுவதே. ரஃபியனின் சிகிச்சை தோற்றது இந்தக் கட்டத்தில்தான்.

பின்விளைவுகள்

ரஃபியனின் மரணத்தை நேரலையில் பார்த்தவர்களுள் பந்தய ஆர்வலர் அல்லாதோரும் ஏராளம். குதிரைகளை இளம் வயதில் ஓடவிடுவது, வேகத்தை மட்டும் நோக்கி இனப்பெருக்கம் செய்வது, விளம்பரத்துக்காகப் போட்டிகளை ஏற்பாடு செய்வது ஆகியவை கடுமையான கேள்விக்கு உள்ளாயின. அமெரிக்காவில் பெரிய அளவிலான இருகுதிரைப் போட்டிகள் இதன்பின் மிக அரிதாகிவிட்டன.

குதிரைகளை மயக்கத்திலிருந்து பாதுகாப்பாக எழுப்பும் முறைகளில் கவனம் கூடியது. அவற்றுள் ஒன்று நீச்சல் தொட்டி முறை. அறுவை முடிந்த குதிரையை மிதவையில் கட்டித் தொட்டி நீரில் இறக்குவார்கள். விழிக்கும்போது கால்களை வீசினாலும் அவை எதன்மீதும் மோதுவதில்லை. 2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ, அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியபோது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் இம்முறையில்தான் எழுப்பப்பட்டது. பார்பரோ எட்டு மாதங்களுக்கும் மேல் உயிருடன் இருந்தது. இறுதியில் லாமினைட்டிஸ் நோயால் 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்யப்பட்டது. ரஃபியனுக்குத் தடையாக நின்ற கட்டத்தை மருத்துவம் கடந்திருந்தது, அடுத்த கட்டத்தைக் கடக்கவில்லை.

திடல் விபத்துகளைக் கணக்கெடுக்கும் பணியும் பின்னர் முறைப்படுத்தப்பட்டது. அமெரிக்காவில் 2009இல் குதிரைகள் ஓடிய ஒவ்வோர் 1,000 ஓட்டங்களுக்கு 2.00 என்ற அளவில் இருந்த உயிரிழப்பு, 2023இல் 1.32 ஆகக் குறைந்தது. 2020இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டத்தின்படி பந்தயப் பாதுகாப்பு விதிகள் 2022 முதல் நாடு தழுவிய அளவில் நடைமுறைக்கு வந்தன.

ஆணும் பெண்ணும் என்ற கேள்வி

பெண்குதிரையால் சிறந்த ஆண்குதிரைகளை வெல்ல முடியுமா என்ற கேள்விக்கு 1975 ஜூலை 6 விடை தரவில்லை. விடை பிறகு வழக்கமான பந்தயங்களிலேயே கிடைத்தது. 1980இல் ஜெனுவின் ரிஸ்க் என்ற பெண்குதிரை கென்டக்கி டெர்பியை வென்றது. 1915இல் ரிக்ரெட் வென்றதற்குப் பின் 65 ஆண்டுகளில் அந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண்குதிரை அதுவே. அதன் ஜாக்கி, ரஃபியனை ஓட்டிய ஹசிந்தோ வாஸ்கெஸ். அதன் பயிற்சியாளர் லீராய் ஜாலி, ரஃபியனுடன் மோதிய ஃபூலிஷ் பிளெஷரைப் பயிற்றுவித்தவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற இருவரும் சேர்ந்து அந்த விடையை அளித்தனர்.

1988இல் விண்ணிங் கலர்ஸ் கென்டக்கி டெர்பியையும், 2007இல் ராக்ஸ் டு ரிச்சஸ் பெல்மாண்ட் பந்தயத்தையும், 2009இல் ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா பிரீக்னெஸ் பந்தயத்தையும் ஆண்குதிரைகளை முந்தி வென்றன.

நினைவு

ரஃபியன் பெல்மாண்ட் பார்க் திடலின் நடுவே, கொடிக்கம்பத்தின் அருகில் புதைக்கப்பட்டது. மூக்கு எல்லைக்கோட்டை நோக்கி இருக்குமாறு உடல் வைக்கப்பட்டது. பெல்மாண்ட் பார்க் புதுப்பித்துக் கட்டப்படுவதை முன்னிட்டு 2023இல் எச்சங்கள் எடுக்கப்பட்டு, அது பிறந்த கிளெய்போர்ன் பண்ணையில் மறுஅடக்கம் செய்யப்பட்டன.

1975ஆம் ஆண்டின் சிறந்த மூன்று வயதுப் பெண்குதிரைக்கான எக்லிப்ஸ் விருது ரஃபியனுக்கு இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது. 1976இல் அமெரிக்கத் தேசியப் பந்தய அருங்காட்சியகத்தின் புகழ்மிக்கோர் அவையில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு முதல் நியூயார்க்கில் இதன் பெயரில் ஒரு பந்தயம் நடத்தப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் சிறந்த 100 அமெரிக்கப் பந்தயக் குதிரைகளுக்காக பிளட்ஹார்ஸ் இதழ் தொகுத்த பட்டியலில் 35ஆம் இடம் பெற்றது. அப்பட்டியலில் உள்ள பெண்குதிரைகளுள் முதலிடம் இதுவே. 2007இல் இதன் வாழ்க்கை தொலைக்காட்சித் திரைப்படமாக வெளிவந்தது. பயிற்சியாளர் ஃபிராங்க் வைட்லியாக சாம் ஷெப்பர்ட் நடித்தார்.

பதிவேட்டில் ரஃபியனின் கடைசிப் பந்தயம் 'முடிக்கவில்லை' என்றே குறிக்கப்பட்டுள்ளது. கால் முறிந்த அந்தக் கணத்திலும் ரஃபியன் முன்னிலையில்தான் இருந்தது.